பூஜைக்கு வைத்த தண்ணீர்

சரஸ்வதி படத்துக்கு முன்னால் காலிக் குடம் வைத்தவன் உருப்பட்டதாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜம்புலிங்கமும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், கொட்டிவிட வேண்டிய தண்ணீரை அவன் கொட்டாமல் விட்டான். பின்னால் நடந்த அத்தனைக்கும் ஆரம்பம் அதுதான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது சுலபமாக இருந்திருக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம். சீமை மருந்து ஏற்றி வருகிற கப்பலில் பாதி வந்து சேரவில்லை. வந்த பாதியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் அம்பத்தூர் ஏரிக்கரையில் ஒரு பழைய அரிசி மில்லை வாங்கி, சுண்ணாம்பு அடித்து, மருந்துக் கம்பெனி ஆரம்பித்தார். ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர்தான் அங்கே முக்கியச் சரக்கு. பட்டணத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். வாந்திபேதி கண்ட ஊர்களில் போடுகிற கொட்டகைகளுக்கும் போகும்.

அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஜம்புலிங்கம் அப்ரண்டிஸ். சென்னீர்குப்பத்தில் பத்துக் காணி நிலம் உள்ள குடும்பம். அவன் வம்சத்தில் சேற்றில் கால் வைக்காமல் பிழைக்கப் போகிற முதல் ஆள் அவன்தான். தினமும் சைக்கிளில் திருவேற்காடு வழியாகப் போய் வருவான். மூன்று வருஷப் பயிற்சியில் இன்னும் இரண்டே மாதம் பாக்கி, முடித்தால் கெமிஸ்ட். அவன் அம்மா தாட்சாயிணிக்கு அந்த வார்த்தை வாயில் நுழையாது. "என் புள்ள கெமிசுடு ஆவப் போறான்" என்று கிணற்றடியில் ஒருத்தி பாக்கி இல்லாமல் சொல்லி வைத்திருந்தாள்.

கம்பெனியின் தலைமைக் கெமிஸ்ட் ராஜசேகரன் கண்டிப்பான மனிதர். ஆய்வுக்கூடச் சுவரில் சிவப்பு மையால் ஒரு விதியை எழுதி மாட்டியிருந்தார். 'வடித்த தண்ணீரை அன்றே மருந்தாக்கு, அன்றே வேகவை. மிஞ்சினால் கொட்டு.' காரணமும் சொல்லிக் கொடுத்திருந்தார். எவ்வளவு சுத்தமாக வடித்தாலும் வைத்திருக்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமி பெருகும். ஆட்டோகிளேவ் என்கிற இரும்புப் பானையில் வைத்து நீராவியில் வேகவைத்தால் கிருமி செத்துப்போகும். ஆனால் அது விட்டுப்போன விஷம் சாகாது. அது ரத்தத்தில் ஏறினால் உடம்பு தூக்கிப் போடும், காய்ச்சல் கொளுத்தும். அதனால்தான் ஒவ்வொரு தடவை மருந்து செய்ததும் அதில் கொஞ்சம் எடுத்து மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றி, மணிக்கு ஒரு தரம் உஷ்ணம் பார்ப்பார்கள். முயலுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு பாட்டிலும் வாசல் தாண்டக் கூடாது. ஜம்புலிங்கம் இதையெல்லாம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தான். மனப்பாடம் செய்ததெல்லாம் மனதில் ஏறிவிடுமா என்ன?

அந்த முயல்களைப் பார்த்துக்கொள்கிறவன் வீராசாமி. வாலைக்கு, அதாவது தண்ணீர் வடிக்கிற செம்புக் கொப்பரைக்கு, அடுப்பு மூட்டுவதும், பாட்டில்களையும் ரப்பர் டியூப்புகளையும் கழுவுவதும் அவன்தான். நாற்பது வயது. சென்னீர்குப்பம் சேரி. அவனும் அவன் அப்பனும் ஜம்புலிங்கம் வீட்டு நிலத்தில் உழைத்தவர்கள். அவன் குடிசை நின்ற இடம்கூட அவர்களுடையதுதான். கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டதும் ஜம்புலிங்கமே. டியூப்பு கழுவும்போது வீராசாமி வாய்விட்டு எண்ணுவான். பன்னிரண்டு தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது கட்டளை. "ஒண்ணு, ரெண்டு" என்று நெல் அளக்கிறவன் மாதிரி இழுத்து எண்ணி, பன்னிரண்டில் குரலை இறக்கி முடிப்பான். அடுத்த அறையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வடித்ததில் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடி தண்ணீர் மிஞ்சியது. விதிப்படி அதைக் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வாலை, தராசு, தர்மாமீட்டர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் இருக்கப் போகிறது. நடுவில் இரண்டு காலி ஜாடி வாயைப் பிளந்துகொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? ஜம்புலிங்கம் ஜாடிகளின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் சாமந்தி சுற்றி, நிறைகுடமாக வைத்துவிட்டான். பூஜை முடிந்ததும் கொட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பூஜையன்றும் விஜயதசமியன்றும் யாரும் ஆயுதங்களைத் தொடவில்லை, ஜாடிகளும் அப்படியே நின்றன. அத்தனையும் கழுவித் துடைத்து வைத்த வீராசாமி கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டான். அந்தக் காலம் அப்படி. இந்தக் காலத்தைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். பொரியும் கடலையும் அவனுக்கு வெளியே வந்தது.

மூன்றாம் நாள் காலையில் பூந்தமல்லியிலிருந்து ஆள் ஓடி வந்தான். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர்களில் காலரா. பொழுது சாய்வதற்குள் கொட்டகைக்கு நாற்பது பாட்டில் வேண்டும். ராஜசேகரன் கண்ணாடிச் சாமான் விஷயமாகப் பட்டணம் போயிருந்தார். "அவசரம்னா நீயே பாத்து அனுப்பு ஜம்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தையில் இவன் பாதி கெமிஸ்ட் ஆகிவிட்டான்.

புதிதாகத் தண்ணீர் வடித்தால் மத்தியானம் தாண்டிவிடும். அதற்குப் பிறகு மருந்தாக்கி, வேகவைத்து, ஆறவைத்து, முயலில் பார்த்து முடிக்கப் பொழுது போதாது. ஜம்புலிங்கம் ஜாடிகளைப் பார்த்தான். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

வீராசாமி மாலையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "நைனா, இது பூசைக்கி வச்ச தண்ணி இல்ல? மூணு நாளாச்சே. கீய ஊத்திடட்டா?"

"வாணாம். சாமி முன்னால இருந்த தண்ணி. எப்பிடியும் வேகத்தானே போவுது, எந்தக் கிருமி பொழைக்கும்?"

"நீங்க படிச்சவரு" என்று வீராசாமி டியூப்பு கழுவப் போய்விட்டான்.

ஒவ்வொரு தடவையும் ஒரு அட்டையில், தண்ணீர் வடித்த தேதியை எழுதி, வடித்தவன் கைநாட்டு வைக்க வேண்டும். ஜம்புலிங்கம் அன்றைய தேதியை எழுதினான். வீராசாமி ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, தினமும் வைக்கிற மாதிரி கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது.

ஒன்றரை மணிக்கு முயல்களுக்கு ஊசி போட்டார்கள். போடும் முன் மூன்றுக்கும் உஷ்ணம் நூற்று இரண்டு. முயலுக்கு அதுதான் சரியான கணக்கு. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதல் முயலுக்கு நூற்று மூன்றரை. ஜம்புலிங்கம் தர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடி பார்த்தான். அதேதான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அப்படியே. மூன்றரை மணிக்கு மூன்றுமே நூற்று நாலைத் தொட்டன. வீராசாமி மடியில் இருந்த முயல் காதை மடக்கிக்கொண்டு நடுங்கியது. "இன்னா நைனா, இதுக்கு இப்பிடி கொதிக்குது?" என்று கேட்டுவிட்டு, புல் போட வெளியே போனான். முயல் கொதித்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

சுவரில் இருந்த சிவப்பு எழுத்தை முதல் தடவையாக ஜம்புலிங்கம் படித்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாசலில் கொட்டகை வேன் வந்து நின்றது. டிரைவர் நாகேந்திரன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணாத்தே, சீக்கிரம் குடு. அங்க படுக்க வைக்க எடமில்ல. ஒரு பாட்டிலும் இல்லாம டாக்டரு கைய பிசைஞ்சிகினு கீறாரு."

கொடுத்தால் காய்ச்சல் வரும். கொடுக்காவிட்டால் உடம்பில் தண்ணீர் வற்றிச் செத்துப்போவார்கள். காய்ச்சல் தேவலை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அதை நினைத்தவனுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில், 'ஐயா, முயலுக்குக் காய்ச்சல் வந்தது, பார்த்து ஏற்றுங்கள்' என்று இரண்டு வரி எழுதி நாகேந்திரன் கையில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டாக்டர் முடிவு செய்துகொண்டிருப்பார். அவன் எழுதவில்லை. எழுதினால் தேதி வெளியே வரும். கெமிஸ்ட் பட்டம் கையை விட்டுப் போகும். முயல் நோட்டில் நூற்று இரண்டு புள்ளி இரண்டு, புள்ளி நாலு, புள்ளி மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நாற்பது பாட்டிலும் வேனில் ஏறின.

மறுநாள் மத்தியானம் பாட்டில்கள் திரும்பி வந்தன, பதினொன்று குறைவாக. கூட வந்த கம்பவுண்டர், ஏற்றிய பதினொரு பேருக்கும் அரை மணியில் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் கண்டது என்றார். ஒன்பது பேர் பிழைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவரும், செம்பரம்பாக்கத்துக் கெங்கம்மாள் என்கிற முப்பது வயதுக்காரியும் பிழைக்கவில்லை. மருந்து ஏற்றாவிட்டாலும் போயிருப்பார்களோ என்னவோ, தெரியாது என்று டாக்டர் சொன்னாராம்.

ராஜசேகரன் வரிசையாகப் பார்த்தார். தண்ணீர் அட்டையில் தேதி சரி. முயல் நோட்டு சரி. ஆட்டோகிளேவ் சரி. மிஞ்சியது பாட்டிலோடு அனுப்புகிற ரப்பர் டியூப்பு. முயலுக்கு அது இல்லாமல் ஊசியிலேயே ஏற்றிவிடுவார்கள், மனிதனுக்குத்தான் அது வழியாக ஏறும். "டியூப்தான்" என்றார். வீராசாமியைக் கூப்பிட்டார்கள்.

"பன்னெண்டு தண்ணி ஊத்தினேன் சார்."

"எண்ணத் தெரியுமா உனக்கு?"

வீராசாமி ஜம்புலிங்கத்தைப் பார்த்தான். "நைனா பக்கத்து ரூம்புலதான் இருந்தாரு. நீங்க சொல்லுங்க நைனா."

ஜம்புலிங்கம் தர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே துடைத்ததுதான். "நான் முயல் வேலையா இருந்தேன் சார். கவனிக்கல."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை. வீராசாமியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகும்முன் முயல்களுக்குப் புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் போனான்.

அடுத்த நாள் காலை ஜம்புலிங்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வீராசாமி கொல்லைப்புறம் வந்து நின்றான். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"வேலைக்கோசரம் வரல நைனா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க அந்த ரூம்புல இருந்தீங்க. நான் எண்ணுனது காதுல விழுந்திருக்கும். பன்னெண்டு வந்துதா, பதினொண்ணோட நிறுத்திட்டேனா? எத்தினியோ தபா மனசுல ஊத்திப் பாத்துட்டேன். ஒரு தபா பன்னெண்டு வருது, ஒரு தபா பதினொண்ணு வருது."

ஜம்புலிங்கத்தின் காதில் அந்தப் 'பன்னெண்டு' இன்னமும் இருந்தது. குரலை இறக்கி முடித்தது கூட. "போனது போச்சு. விடு வீராசாமி" என்றான்.

"ரெண்டு உசுராச்சே நைனா."

"விடுன்றேன் இல்ல."

தாட்சாயிணி உள்ளேயிருந்து ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்து அவன் துண்டில் கொட்டினாள். பாவம் அவளுக்கு என்ன தெரியும். வீராசாமி அதை வாங்கிக்கொண்டு, இன்னும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஜம்புலிங்கம் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? டியூப்பு கழுவ ஒரு புது ஆள் வந்திருந்தான். அவன் வாய் திறந்து எண்ணாத ஆள். அந்த அறை சத்தமில்லாமல் இருந்தது. ஜம்புலிங்கத்துக்கு உட்கார முடியவில்லை.

மூன்றாம் நாள் ராஜசேகரன் ஒரு காகிதத்தை அவன் முன்னால் வைத்தார். சுகாதார இலாகாவுக்கு எழுதிய பதில். கழுவும் ஆளின் கவனக்குறைவு, ஆள் நீக்கப்பட்டான் என்று இருந்தது. "சாட்சியா நீ கையெழுத்துப் போடு. இதோட இந்த விவகாரம் முடிஞ்சுது. உன் சர்டிபிகேட்டுக்கும் நாளைக்கே எழுதிடறேன்."

பேனா கைக்கு வந்தது. அவன் போடவில்லை. பூஜை ஜாடி, தேதி, முயல், ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

ராஜசேகரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டியூப் அழுக்குன்னா ஒரு ஆளோட போயிடும். முயல் நோட்டு பொய்யின்னா கம்பெனிக்குப் பூட்டு. நாப்பது பேர் வீட்ல அடுப்பு எரியாது. நீ சொன்னது என் காதுல விழலை ஜம்பு. போய் மூஞ்சியக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போடு."

"வீராசாமி, சார்?"

"அவனுக்கு என்ன, உங்க நிலத்துலயே வேலை குடுங்க."

இந்த மனிதர்தான் சுவரில் சிவப்பு மையால் விதி எழுதியவர். ஜம்புலிங்கம் மூஞ்சியைக் கழுவப் போகவில்லை. மேஜை மேலிருந்த முயல் நோட்டையும் தண்ணீர் அட்டையையும் எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பின்னால் ராஜசேகரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அவன் நிற்கவில்லை.

உச்சி வெயிலில் சென்னீர்குப்பம் சேரிக்குள் சைக்கிள் வருவதைப் பார்த்து ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அவன் வீட்டிலிருந்து யாரும் அந்தத் தெருவுக்குள் வந்ததில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிடுவதுதான் வழக்கம். வீராசாமியின் பெண்சாதி ராஜம்மா குடிசை வாசலில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"மூணு நாளா ஒரு வாய் துன்னல" என்றாள். "எண்ணிகினே கீது."

வீராசாமி குனிந்து வெளியே வந்தான். நெற்றியில் துணி கட்டியிருந்தான். ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

"இன்னா காயம்?"

"செம்பரம்பாக்கம் போயிருந்தேன். கெங்கம்மா ஊட்டுக்கு. என் கையாலதான் போச்சுன்னு அது புருசன் கால்ல வுழுந்தேன். அவன் ஒண்ணும் பண்ணல. அவன் தம்பி தடியால போட்டுட்டான். போட வேண்டியதுதானே."

ஜம்புலிங்கம் சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்து கையை விட்டான். அது கீழே விழுந்தது. யாரும் தூக்கவில்லை.

"உன் கையால போவல வீராசாமி. என் கையால போச்சு. பூசைக்கி வச்சமே, அந்தத் தண்ணி. அது கெட்டுப் போயிருந்துச்சு. வெந்தாலும் அந்த விசம் போவாது. எனக்கு அது தெரியும், படிச்சிருக்கேன். முயலுக்குக் காய்ச்ச வந்துச்சு, அதையும் பாத்தேன். நோட்டுல பொய் எழுதினேன். நீ கைநாட்டு வச்ச அட்டையில தேதியும் பொய்."

வீராசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப டியூப்பு?"

"சுத்தமா இருந்துச்சு."

"பன்னெண்டும் ஊத்தினேனா?"

"ஊத்தின. நான் கேட்டுகினுதான் இருந்தேன்."

வீராசாமி அப்படியே தரையில் உட்கார்ந்தான். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ராஜம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஜம்புலிங்கம், முயல் நோட்டை எடுத்து நீட்டி, "டாக்டராண்ட போறேன். எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன்" என்றான். அதைச் சொன்னால் ஏதாவது ஆறுதல் ஆகும் என்று நினைத்தானோ என்னவோ. நீட்டிய நோட்டை வீராசாமி வாங்கவில்லை.

கடைசியில் துண்டை இறக்கினான். கண் சிவந்திருந்தது, குரலில் கோபம்கூட இல்லை.

"அன்னிக்கி உங்க கொல்லையில வந்து கேட்டேனே. அப்பவே சொல்லியிருந்தா நான் சோறு துன்னுருப்பேன்."

ஜம்புலிங்கம் நோட்டை மறுபடி சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

வீராசாமி எழுந்தான். "ராஜம்மா, சோறு போடு" என்றான். பிறகு திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "நீ இங்கியே நில்லு" என்றான். "துன்னுட்டு வரேன். டாக்டருக்கு அப்பாலிக்கா எழுதிக் குடுத்துக்கலாம். மொதல்ல செம்பரம்பாக்கம் போவணும். அந்தப் புருசன்காரனாண்ட வந்து உன் வாயால சொல்லு."

அவன் உள்ளே போனான். ஜம்புலிங்கம் விழுந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். உள்ளே ராஜம்மா பானையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வீராசாமி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.